சாத்திய கதவு

வாயாடி என்று அவளுக்குப் பெயர் வைத்தவர்கள் அக்கம்பக்கத்தார். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. வீட்டில் மூன்று பேர், பேசுவதற்கு ஒரே ஒரு வாய். நாலு வயதில் பாலில் தண்ணீர் கலந்ததாகப் பால்காரரிடம் சண்டைக்குப் போனவள் அவள்தான். ஆறு வயதில் வீட்டுக்காரரைக் கையைப் பிடித்து இழுத்து வந்து, ஒழுகுகிற கூரையைக் காட்டி, ஆள் அனுப்புகிறவரை வாசலை விட்டு நகர விடவில்லை. எட்டு வயதில் டாக்டர் முன்னால் நின்று அம்மாவின் கர்ப்பப்பையைப் பற்றி வரிசையாகக் கேள்வி கேட்டாள். டாக்டருக்குத்தான் வேர்த்தது.

வளர்ந்த பிறகு அஞ்சலகத்தில் வேலை கிடைத்தது. மூன்றாம் கவுண்டர், பதிவுத் தபால். ஒன்றும் இரண்டும் காலியாகக் கிடந்தாலும் நகரத்தில் இருக்கிற காது கேளாதவர்கள் அத்தனை பேரும் மூன்றாம் கவுண்டரில்தான் வரிசை கட்டுவார்கள். விலாசம் எழுதுவதில் தொடங்கி, ஆஸ்பத்திரிக்குக் கூட வருவது, பள்ளிக்கூடத்தில் ஹெட்மாஸ்டரிடம் பேசுவது என்று அது வளர்ந்தது. பிறகு கோர்ட்டிலிருந்தே ஆள் அனுப்ப ஆரம்பித்தார்கள். சைகையைப் பேச்சாக்கவும் பேச்சைச் சைகையாக்கவும் ஆள் வேண்டும் என்றால் அவளைத்தான் கூப்பிடுவார்கள். பத்தொன்பது வருஷம் இப்படியே ஓடியது.

"சொன்னதைச் சொல்லுவேன். சொல்லாததைச் சொல்ல மாட்டேன்" என்பாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. ஒரு வார்த்தை பிசகியதில்லை என்று அவளே சொல்லிக்கொள்வாள். மறுத்துப் பேச யாராலும் முடியாது, சைகை மொழி அவர்களுக்குத் தெரியாதே.

இப்படி இருக்கும்போதுதான் அந்த வழக்கு வந்தது.

துணி ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் பேக்கிங் பிரிவில் வேலை செய்த பெண். இருபத்தாறு வயது, காது கேட்காது. கம்பெனி முதலாளி வியாபாரிகள் சங்கத்தின் தலைவர். ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸ் கொடுத்தவர். நகரத்தில் பாதி வீட்டுக் காலண்டரில் அவர் முகம்தான் இருக்கும். ஒரு மதியம் மாதிரித் துணிகள் வைக்கிற அறைக்கு அந்தப் பெண்ணை வரச்சொல்லி அவர் பலாத்காரம் செய்தார் என்பது வழக்கு. அன்றைக்கே அவள் தனியாக நடந்து போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள். தனக்குத் தெரிந்த மாதிரி நாலு வரி எழுதி மேஜை மேல் வைத்துவிட்டு, அவர்கள் நிமிர்ந்து பார்க்கிறவரை அங்கேயே நின்றாள்.

செய்தி வெளியே வந்ததும் நகரம் இரண்டாகப் பிளந்தது. ஒரு பக்கம் தினமும் ஊர்வலம். இன்னொரு பக்கம், பெரிய மனிதர் மேல் சேறு வாரி இறைக்கிறார்கள் என்று கடையடைப்பு. முதலாளிக்காக யாரும் ஆஜராகக் கூடாது என்று வக்கீல்கள் சங்கம் தீர்மானம் போட்டது. நரைத்தலை வக்கீல் ஒருவர் மட்டும், "நான் ஆஜராவேன்" என்று வக்காலத்தைத் தாக்கல் செய்தார். மறுநாள் அவர் வீட்டுச் சுவரில் யாரோ கறுப்பு மையை வீசிவிட்டுப் போனார்கள்.

இந்தச் சண்டை வாயாடியின் வீட்டுச் சாப்பாட்டு மேஜைக்கும் வந்து சேர்ந்தது. மகள் நர்சிங் இரண்டாம் வருஷம். கணவர் பஸ் டிரைவர்.

"அந்த ஆளுக்கு எதுக்கும்மா வக்கீல்? அவ்வளவு பேரும் சொல்றாங்க. நேரா உள்ள தள்ள வேண்டியதுதானே" என்றாள் மகள்.

"வக்கீல் இல்லாம தண்டனை குடுத்தா மேல் கோர்ட்டுல ஒரே நாள்ல வெளிய வந்துடுவான்" என்றார் கணவர். "பிரேக் பார்க்காம வண்டியை எடுத்த மாதிரி. சீக்கிரம் கிளம்பலாம். போய்ச் சேரணுமே."

"நீங்க எல்லாத்தையும் பஸ்ஸுக்கே கொண்டு வாங்கப்பா."

வாயாடி இரண்டு பேர் தட்டிலும் சோறு போட்டாள். அன்று காலைதான் கோர்ட்டிலிருந்து கடிதம் வந்திருந்தது. அந்தப் பெண்ணின் சாட்சியத்துக்கு அவள்தான் மொழிபெயர்க்க வேண்டும்.

சாட்சியம் இரண்டு நாள் நடந்தது. கதவை அடைத்த அறையில் நீதிபதியம்மா, இரண்டு தரப்பு வக்கீல்கள், தட்டச்சர், ஒரு வீடியோ கேமரா. முதலாளியை ஒரு திரைக்குப் பின்னால் உட்கார வைத்திருந்தார்கள். அந்தப் பெண் கையால் சொல்லச் சொல்ல, வாயாடி "நான்" என்றே பேசினாள். "நான் போனேன். நான் வேண்டாம்னு சொன்னேன்." அப்படித்தான் பேச வேண்டும் என்பது முறை. இருநூற்றுப் பதினாலு கேள்வி. இரண்டாம் நாள் வீட்டுக்கு வந்து வெந்நீரில் இரண்டு கையையும் முக்கிக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். நடந்ததை யாரிடமும் சொல்லக் கூடாது. மகளும் கேட்கவில்லை, ஒரு துண்டை மட்டும் கொண்டு வந்து கொடுத்தாள்.

ஒரு மாதம் கழித்து நரைத்தலை வக்கீல் மனு போட்டார். மொழிபெயர்த்தவருக்குச் சான்றிதழ் கிடையாது. அந்தப் பெண் பல வருஷமாக அவருடைய கவுண்டருக்கு வந்து போகிறவள், இருவருக்கும் பழக்கம் உண்டு. ஆகவே கோர்ட்டு கேட்டது சாட்சியின் வார்த்தையா, அஞ்சலக ஊழியரின் வார்த்தையா என்பதே சந்தேகம். வேறொரு மொழிபெயர்ப்பாளரை வைத்து வீடியோவைச் சரிபார்க்க வேண்டும். மனுவின் சாரம் இதுதான்.

மனுவை மட்டும் திறந்த கோர்ட்டில் தாக்கல் செய்ததால் விஷயம் அன்றைக்கே தெருவுக்கு வந்துவிட்டது. இழுத்தடிக்கிறார்கள் என்று ஒரு கூட்டம் கோர்ட் வாசலில் உட்கார்ந்தது. அவர்கள் பிடித்திருந்த அட்டைகளில் வாயாடியின் படம், கீழே "இவள் குரல் எங்கள் குரல்". எதிர்த் தரப்பு "தபால்காரி கட்டிய கதை" என்று துண்டுச் சீட்டு அடித்து பஸ்ஸெல்லாம் ஒட்டியது. அவள் கணவர் ஓட்டிய பஸ்ஸிலும் ஒட்டியிருந்தார்கள். அவர் டிப்போவில் ஒரு வாளித் தண்ணீர் வாங்கி அதைச் சுரண்டி எடுத்துவிட்டு வண்டியை எடுத்தார். அன்று இருபது நிமிஷம் தாமதம்.

அஞ்சலகத்திலும் அதே கதைதான். ஒருவர் அவளிடம் நீட்டிய தபாலை முகத்தைப் பார்த்ததும் திரும்பப் பிடுங்கிக்கொண்டு இரண்டாம் கவுண்டருக்குப் போனார். அவருக்குப் பின்னால் நின்ற கல்லூரிப் பெண் சேர்ந்து படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். வாயாடி இரண்டு பேருக்கும் ஒரே பதிலைச் சொன்னாள். "அடுத்த ஆள் வாங்க."

மனு விசாரணைக்கு முந்தின நாள், போராட்டத்தை நடத்துகிற பெண்கள் சங்கத் தலைவி வீட்டுக்கு வந்தார். எல்லோருக்கும் அவர் சங்கத்தக்கா. வாயாடிக்குப் பல வருஷப் பழக்கம்.

"நாளைக்கு ஜட்ஜம்மா உன்னைக் கேட்டா முடியாதுன்னு சொல்லிடு" என்றார்.

"ஏன்க்கா? பார்க்கட்டுமே. என் கையில கறை இல்லை."

"உன்னைச் சந்தேகப்பட்டு நான் சொல்லலை. இன்னைக்கு இவங்களுக்கு விட்டுக் குடுத்தா, நாளைக்கு வாய் பேச முடியாத பொண்ணு எவ கோர்ட்டுக்குப் போனாலும் இன்னொரு ஆள் பார்க்கணும், இன்னொரு ஆள் பார்க்கணும்பானுங்க. அந்தப் பொண்ணு ஒன்றரை வருஷமா காத்துக்கிட்டிருக்கா."

அதில் நியாயம் இருக்கிறது என்று வாயாடிக்குத் தெரிந்தது. ஆனால் அவள் மனதில் ஓடியது வேறு. பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக அவள் வேலையைச் சரிபார்க்கத் தெரிந்த ஒரு ஆள் வரப்போகிறார். வரட்டும், பார்க்கட்டும் என்றிருந்தது.

மறுநாள் கோர்ட்டில் கால் வைக்க இடமில்லை. நீதிபதியம்மா மனுவைப் படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வாயாடியைப் பார்த்தார்.

"உங்களுக்கு ஆட்சேபணை இருக்கா?"

"இல்லைங்க மேடம். இன்னொருத்தர் பார்க்கட்டும். ஆனா வீடியோவில என் குரலை அணைச்சுட்டுப் பார்க்கணும். கேட்டாங்கன்னா என் வார்த்தை அவங்க காதுல போய் உக்காந்துக்கும். அப்புறம் அவங்க பார்க்கிறது எல்லாம் என் வார்த்தையாத்தான் தெரியும்."

நீதிபதியம்மா அதை அப்படியே உத்தரவில் எழுதச் சொன்னார். நரைத்தலை வக்கீல் முகத்தில் மகிழ்ச்சி தெரியவில்லை. கேட்டது கிடைத்த மனிதர் இப்படியா இருப்பார் என்று வாயாடிக்கு ஒரு கணம் தோன்றியது, அவ்வளவுதான்.

வெளியே வந்தபோது அவள் படம் போட்ட அட்டைகள் காலடியில் கிடந்தன. ஒருத்தி அவள் கண் முன்னாலேயே ஒன்றை இரண்டாகக் கிழித்தாள். சாயங்காலச் செய்தியில் "மொழிபெயர்ப்பாளர் பல்டி" என்று ஓடியது. விலை போய்விட்டாள் என்றது ஒரு சேனல். அடுத்த சேனலில் மூன்று வக்கீல்கள் ஒருவரை ஒருவர் பேசவிடாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். மகள் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அம்மா இறந்த பிறகு அப்பா அவளோடுதான் இருக்கிறார். லேத் பட்டறையில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். அவர் டி.வி.யில் மகளின் படத்தைப் பார்த்துவிட்டுக் கையால் கேட்டார்.

"வேற ஆள் பார்த்தா என்ன வரும்?"

"ஒண்ணும் வராது. நான் தப்புப் பண்ண மாட்டேன்."

அப்பா சத்தமில்லாமல் சிரித்தார். தோள் மட்டும் குலுங்கியது. "எட்டு வயசுல டாக்டர்கிட்ட அம்மாவுக்கு வலது பக்கம் வலின்னு சொன்னியே, ஞாபகம் இருக்கா? அவ காட்டினது இடது பக்கம். நீ எதிர நின்னு பார்த்துட்டு மாத்திச் சொல்லிட்டே. டாக்டர் வலது பக்கத்தையே அமுக்கிப் பார்த்துக்கிட்டிருந்தார்."

"நீங்க சொன்னதே இல்லையே."

"சொன்னா நீ பேசுறதை நிறுத்திடுவே. அப்புறம் எங்களுக்கு யாரு இருக்கா?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே டி.வி.யை அணைத்தாள்.

சரிபார்க்க வந்தவர் தொலைதூர நகரத்தில் காது கேளாதோர் பள்ளியில் வாத்தியார். பெரிய மீசை. அவருக்குக் கூடப் பிறந்த தங்கை ஒருத்தி, அவளுக்கும் காது கேட்காது. மூன்று நாள் தனி அறையில் உட்கார்ந்து, சத்தமில்லாத வீடியோவைப் பார்த்து, இருநூற்றுப் பதினாலு பதிலையும் தன் கையால் எழுதினார். நாலாம் நாள் நீதிபதியம்மா எல்லோரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"மூணு இடத்துல வித்தியாசம் வருது" என்றார்.

முதல் இரண்டும் ஒன்றுமில்லாத விஷயம். இவள் "சாயங்காலம்" என்றதை மீசைக்காரர் "மதியத்துக்கு மேல்" என்று எழுதியிருந்தார். இவள் "கோபம்" என்றது அவருக்கு "எரிச்சல்". மூன்றாவது, எண்பத்தெட்டாம் கேள்வி. "கதவைப் பூட்டினார்" என்று இவள் சொல்லியிருந்தாள். "கதவைச் சாத்தினார்" என்று அவர் எழுதியிருந்தார்.

அந்த இடத்தை மூன்று தடவை ஓட்டிக் காட்டினார்கள். திரையில் அந்தப் பெண்ணின் இரண்டு உள்ளங்கைகளும் பக்கத்தில் பக்கத்தில் வந்து ஒட்டி நின்றன. பூட்டினார் என்றால் அதற்குப் பிறகு மணிக்கட்டு ஒரு தடவை சாவி போலத் திரும்ப வேண்டும். திரும்பவில்லை. மூன்று தடவையும் திரும்பவில்லை.

அரசு வக்கீல் அவள் பக்கம் குனிந்தார். "அவசரப்படாதீங்க. கேமரா கோணம் சரியில்லைன்னு கூடச் சொல்லலாம்."

"கோணம் நல்லாத்தான் இருக்கு சார்."

அவளுக்கு இப்போது எல்லாம் புரிந்தது. ஒன்றரை வருஷமாக எல்லாப் பேப்பரும் "பூட்டிய அறைக்குள்" என்றே எழுதின. அந்த வார்த்தை அவள் தலைக்குள் போய்க் குடியேறியிருக்கிறது. அந்தப் பெண் கையைச் சேர்த்ததும் தானாக வெளியே வந்துவிட்டது. அவள் எழுந்து நின்றாள்.

"மேடம், அவர் எழுதினதுதான் சரி. அந்தப் பொண்ணு சாத்தினார்னுதான் சொல்லிச்சு. பூட்டினார்ங்கிறது நான் சேர்த்தது. தெரிஞ்சு சேர்க்கலை. ஆனா என் தப்புதான். அப்படியே எழுதிக்கோங்க."

நீதிபதியம்மா அதைக் குறித்துக்கொண்டார். பிறகு, அந்த ஒரே ஒரு விஷயத்தைக் கேட்டுத் தெளிவு பெற அந்தப் பெண்ணை மறுபடி அழைப்பதாக உத்தரவு போட்டார்.

உத்தரவு அதற்குள் வாசலுக்கு வந்திருந்தது. அன்றைக்கு அங்கே நின்றவர்கள் கத்தவில்லை. அவளுக்கு வழி விட்டு ஒதுங்கி, முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். சங்கத்தக்காவும் திருப்பிக்கொண்டார். கத்தியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

வீட்டில் மகள் காத்திருந்தாள். "அந்தப் பொண்ணு மறுபடி அந்த ரூம்ல வந்து நிக்கணும்மா. ஒரு வார்த்தைக்காக. உன்னால."

"ஆமா. என்னாலதான்" என்றாள் வாயாடி. மகள் சண்டைக்குத் தயாராக வந்திருந்தாள். அதை விட்டுவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு வந்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அந்தப் பெண் வந்தாள். அதே அறை, அதே திரை. மீசைக்காரர் மொழிபெயர்த்தார். வாயாடியைப் பக்கத்தில் உட்கார்ந்து கவனிக்கச் சொல்லியிருந்தார்கள். பேசாமல் உட்கார்ந்திருப்பது அவளுக்குப் புதுசு. கையை மடியில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"அவர் உள்ளே வந்த பிறகு கதவு என்ன ஆச்சு?" என்று கேட்டார் நீதிபதியம்மா.

"சாத்தினார். பூட்டலை" என்றது மீசைக்காரரின் குரல். "அந்தக் கதவுல உள்பக்கம் தாழ்ப்பாளே கிடையாது."

நரைத்தலை வக்கீல் எழுந்து, ஒரு துணைக் கேள்வி கேட்க அனுமதி வாங்கினார். "பூட்டலைன்னா திறந்துக்கிட்டு வெளிய போயிருக்கலாமே?"

அந்தப் பெண் அவரையே பார்த்தாள். பிறகு அவள் கைகள் அவசரமில்லாமல் அசைந்தன. மீசைக்காரர் ஒவ்வொரு வாக்கியமாகச் சொன்னார்.

"அவர் கதவுக்கு முன்னாடி நின்னார். வெளிய நாற்பது மெஷின் ஓடுது. நான் கத்தினேன். என் சத்தம் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது. யாரும் வரலை. எனக்கு எதுக்குப் பூட்டு?"

தட்டச்சர் கடைசி வரியை அடித்துவிட்டுக் கையை எடுத்தார். மீசைக்காரர் தண்ணீர் கேட்டார். நரைத்தலை வக்கீல் தன் ஃபைலில் பாதி வெளியே இழுத்திருந்த ஒரு போட்டோவை மறுபடி உள்ளே தள்ளிவிட்டு, "வேற கேள்வி இல்லை" என்று உட்கார்ந்தார்.

அந்தப் போட்டோ என்ன என்பதைப் பிறகு அரசு வக்கீல்தான் வராந்தாவில் அவளிடம் சொன்னார். போலீஸே எடுத்து வழக்கு ஃபைலில் சேர்த்திருந்த படம். மாதிரி அறைக் கதவின் உள்பக்கம். தாழ்ப்பாளும் இல்லை, பூட்டும் இல்லை.

"நானும் கவனிக்கலைம்மா. சாட்சி பூட்டினார்னு சொன்னதா பதிவு. படத்துல பூட்டே இல்லை. கடைசி வாதத்துல அதைத் தூக்கிக் காட்டி, இது பொய்னா எல்லாமே பொய்னு முடிச்சிருப்பார். அவர் மனு போட்டதே, நீங்க முடியாதுன்னு சொல்லுவீங்க, ஜட்ஜம்மா தள்ளுபடி பண்ணுவாங்க, மேல் கோர்ட்டுல போய் எங்களுக்குச் சரிபார்க்கக்கூட விடலைன்னு சொல்லலாம்னுதான். கிடைக்கக் கூடாதுன்னு கேட்ட மனு அது. நீங்க குடுத்துட்டீங்க."

"அவர் வேலையை அவர் பார்த்தார்" என்றாள் வாயாடி. "நீங்களும் அந்தப் படத்தைப் பார்த்திருக்கணும் சார்." அரசு வக்கீல் தலையாட்டிக்கொண்டார்.

நாலு மாதத்தில் தீர்ப்பு வந்தது. முதலாளி குற்றவாளி. நீதிபதியம்மா தீர்ப்பில் இரண்டு பக்கம் மொழிபெயர்ப்பைப் பற்றியே எழுதியிருந்தார். தவறு எங்கே நடந்தது, யார் ஒப்புக்கொண்டது, எப்படித் திருத்தப்பட்டது என்று விவரமாக. மேல் நீதிமன்றத்தில் முதலாளிக்காகப் பெரிய வக்கீல் ஒருவர் வந்தார், நகரத்துக்கே புதியவர். அவரும் மொழிபெயர்ப்பில்தான் ஆரம்பித்தார். அந்த இரண்டு பக்கத்தைப் படித்துவிட்டு வேறு வாதத்துக்குப் போங்கள் என்று அங்கிருந்த நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள். தண்டனை நிலைத்தது.

அந்தச் செய்தி வந்த அன்று கோர்ட் வாசலில் சங்கத்தக்கா மைக்கில் பேசினார். மக்கள் போராட்டம் வென்றது என்றார். வாயாடியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மூன்று வாரம் கழித்து ஒரு பதிவுத் தபாலோடு அஞ்சலகம் வந்தார். ஒன்றாம் கவுண்டரை ஒரு பார்வை பார்த்துவிட்டு மூன்றாவதற்கே வந்து நின்றார்.

"நான் இப்பவும் சொல்றேன். அந்தப் பொண்ணை மறுபடி கூப்பிட வெச்சது தப்பு."

"அதுல நானும் உங்க கட்சிதான்க்கா. நான் முதல் தடவையே ஒழுங்காச் சொல்லியிருந்தா கூப்பிட வேண்டியிருந்திருக்காது. பின்கோடு எழுதலையே நீங்க."

சங்கத்தக்கா பேனாவை வாங்கி எழுதினார். எழுதிக்கொண்டே, "வீட்டுக்கு ஒரு நாள் வா" என்றார்.

அந்தப் பெண் வந்தது அதற்கும் இரண்டு மாதம் கழித்து. இப்போது மூக்குக் கண்ணாடிக் கடை ஒன்றில் லென்ஸ் தேய்க்கிற வேலை. வழக்கு முடிகிறவரை இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தால்கூடத் தலையசைத்ததில்லை. இன்றைக்கு ஒரு பார்சலைக் கவுண்டர் மேல் வைத்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"உன் மேல எனக்கு ரொம்பக் கோபம். மறுபடி வான்னு தாள் வந்த அன்னைக்கு உன் மூஞ்சியைப் பார்க்கவே கூடாதுன்னு இருந்தேன்."

"இப்போ?"

"இப்பவும் கொஞ்சம் இருக்கு."

"இருக்கட்டும். நியாயம்தான். என்னை மன்னிச்சுக்கோ."

அந்தப் பெண் பார்சலின் நூலை இழுத்துச் சரிசெய்தாள். பிறகு மறுபடி கைகளைத் தூக்கினாள். "முதல் ரெண்டு நாளும் அவங்க கேட்டதுக்கு நான் பதில் சொன்னேன். அன்னைக்கு ஒரு நாள்தான் நான் சொல்ல நினைச்சதைச் சொன்னேன். அது எழுத்துல இருக்கா?"

"இருக்கு. ஒரு வார்த்தை விடாம இருக்கு. நானே படிச்சுப் பார்த்தேன். ரெண்டு தடவை."

வரிசையில் நாலாவதாக நின்ற ஒருவர் எட்டிப் பார்த்தார். "என்னம்மா, ரெண்டு பேரும் கையை ஆட்டிக்கிட்டே இருக்கீங்க. நாங்க எவ்வளவு நேரம் நிக்கிறது?"

"பேசிக்கிட்டு இருக்கோம் சார்" என்றாள் வாயாடி, கையை நிறுத்தாமல். "நில்லுங்க, வர்றேன்."